ஸ்கூபாவில் ஈட்டி மீன்பிடிக்கும் தொழிலுக்கு எந்தத் துப்பாக்கி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது புளோரிடாவின் மேற்குக் கரையையும் மெக்சிகோ வளைகுடாவையும் பற்றி. சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கி, ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடித்து விற்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ளும் கடல்கள் உலகில் குறைவு. அவற்றில் இது ஒன்று. மூச்சடக்கி இறங்கி வேட்டையாடுபவர்களுக்குச் சொல்லப்படும் பல யோசனைகள் இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதுதான் கீழே உள்ள பெரும்பாலான பதில்களின் சாரம்.

முதலில், இதற்கு அனுமதி உண்டா?

இடத்தைப் பொறுத்தது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் மூன்றிலும் ஸ்கூபாவுடன் ஈட்டி மீன்பிடி கூடாது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் கூடாது. ஹவாய்ப் பெரிய தீவின் மேற்குக் கரையில் 2013 முதல் தடை. இலங்கையில் ஈட்டித் துப்பாக்கிக்கே தடை.

புளோரிடாவில் உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. பொதுக் குளியல் கடற்கரை, மீன்பிடிப் பாலம், தூண்டில் போட அனுமதியுள்ள பாலப் பகுதி ஆகியவற்றிலிருந்து 100 கஜத்துக்குள் கூடாது. லாங் கீ தீவுக்கு வடக்கே மன்ரோ கவுண்டியின் மாநில நீர்ப்பரப்பிலும் கூடாது. சுறா, டார்பன், ஸ்னூக், கோலியாத் களவா, பாம்பானோ, டிரிப்பிள்டெயில், ரெட் டிரம், சிங்கி இறால் (லாப்ஸ்டர்) ஆகியவற்றை ஈட்டியால் தொடவே முடியாது.

விற்க வேண்டுமானால் மாநிலத்தின் உப்புநீர்ப் பொருள் உரிமம், பல மீன்களுக்கு அதன் மேல் 'கட்டுப்படுத்தப்பட்ட இன' ஒப்புதல், உரிமம் பெற்ற மொத்த வியாபாரிக்கு மட்டுமே விற்பனை என்று படிகள் உண்டு. வளைகுடாவில் மாநில எல்லை 9 கடல் மைல். அதற்கு வெளியே களவா, சங்கரா பிடித்து விற்கப் படகுக்குக் கூட்டரசின் பாறைமீன் உரிமம் வேண்டும். புதிதாகத் தருவதில்லை, இருப்பவரிடமிருந்து மாற்றி வாங்க வேண்டும். ரெட் ஸ்னாப்பருக்கு 2007 முதலும் களவா வகைகளுக்கு 2010 முதலும், ஒருவர் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற தனிநபர் ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. ஒதுக்கீடு கையில் இல்லாமல் அந்த மீனைச் சுட்டால் துப்பாக்கி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. துப்பாக்கிக்குச் செலவழிக்கும் முன் இந்தக் காகிதங்களை முடியுங்கள்.

எத்தனை அங்குலத் துப்பாக்கி?

ஒன்றே ஒன்று வாங்குவதானால் 48 அங்குலம். அமெரிக்கத் துப்பாக்கிகளில் பொதுவாக முனை முதல் பிடி வரை முழு நீளத்தையும் அங்குலத்தில் சொல்வார்கள். ஐரோப்பியத் துப்பாக்கியில் 90, 100 என்று போட்டிருப்பது குழாயின் நீளம் மட்டும், சென்டிமீட்டரில். இரண்டையும் நேராக ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

நீளம் கூடினால் தூரம் கூடும். ஆனால் ஸ்கூபாவில் தூரம் பெரிய பிரச்சினையே அல்ல. கரையோரத்தில் நீர்த்தெளிவு பல நாட்களில் 5 முதல் 10 மீட்டர்தான். களவா பாறைப் பொந்துக்குள் இருக்கும், ஹாக்ஃபிஷ் மணல் விளிம்பில் மேயும். காற்று கையில் இருப்பதால் பொறுமையாக நெருங்கலாம். பெரும்பாலான சூடு முனையிலிருந்து 2 முதல் 3 மீட்டருக்குள் முடிந்துவிடும். 48 அங்குலத்தில், ஈட்டிக் கம்பியை எய்யும் ரப்பர் இரண்டு போட்டால் அந்தத் தூரத்துக்குப் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

பொந்துகளுக்குள்ளும் மூழ்கிய கப்பலின் அறைகளிலும் 36 முதல் 42 அங்குலம் வசதி. எண்ணெய் எடுக்கும் மேடைகளின் கால்களுக்கு வெளியே அம்பர்ஜாக், கடல் விறால் தேடுபவர்கள் 54 எடுப்பார்கள். 60க்கு மேல் என்றால் நீரோட்டத்தில் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். திருப்புவதற்குள் மீன் போய்விடும்.

பிடி பின்னால் இருப்பதா, நடுவிலா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. நடுப்பிடித் துப்பாக்கியைக் குறுகிய இடத்தில் சுழற்றுவது எளிது. ஆனால் விசையிலிருந்து, ஈட்டிக் கம்பியைப் பிடித்திருக்கும் பின்பக்கப் பூட்டு வரை ஓடும் இணைப்புக் கம்பி ஒன்று கூடுதலாக வரும். மணல் சேர்ந்து இறுகும் இடம் அதுதான்.

மரமா, அலுமினியமா, கார்பனா?

தொழிலுக்கு மரம் அல்லது அலுமினியம். தேக்கு, மஹோகனி மரத் துப்பாக்கிகளின் எடை சூட்டின் உதைப்பை வாங்கிக்கொள்ளும். பில்லர், ரிஃப் போன்றவை இந்த வகையில் பெயர் பெற்றவை. அலுமினியக் குழாய்த் துப்பாக்கிகள், ஜேபிஎல் போல, மலிவு. படகின் தளத்தில் சிலிண்டர் உருண்டு மோதினாலும் தாங்கும். குழாயின் இரு முனை அடைப்பும் இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உள்ளே நீர் ஏறினால் துப்பாக்கியின் சமநிலை மாறி, முன்பக்கம் தொங்கும்.

கார்பன் குழாய் இலேசு, அழகு. ஒரு நாளில் நாலைந்து முறை ஐஸ் பெட்டி, நங்கூரம், சிலிண்டர்களுக்கு நடுவே கிடக்கும் பொருளுக்கு அது ஏற்றதல்ல.

காற்றழுத்தத் துப்பாக்கி நல்லதா?

குட்டையான உடலில் நல்ல வலு, பொந்துக்கு ஏற்றது, எல்லாம் உண்மை. உள்ளழுத்தம் பொதுவாக 20 பார் அளவில் இருக்கும். 30 மீட்டரில் சுற்றியுள்ள அழுத்தம் 4 பார்தான் என்பதால் வலு கொஞ்சம் குறையும், செயலிழக்காது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அழுத்த வளையம் ஒன்று கசிந்தால் படகில் வைத்துச் சரிசெய்ய முடியாது, அன்றைய நாள் போனது. ரப்பர் அறுந்தால் 5 நிமிடத்தில் வேறு மாட்டிவிடலாம். தொழிலுக்கு இறங்குபவர் நடுக்கடலில் பழுது பார்க்கக்கூடியதையே வாங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

எத்தனை ரப்பர், என்ன தடிமன்?

48 அங்குலத்துக்கு 5/8 அங்குலத் தடிமனில் இரண்டு. அதுதான் நடு நிலை. 9/16 என்றால் இழுப்பது எளிது, வேகமாகத் திரும்பும், கொஞ்சம் வலு குறைவு. 3/4 போட்டால் 30 மீட்டரில் ஏற்றும்போதே மூச்சு வாங்கும்.

இந்த மூச்சு விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு முக்குளிப்பில் 8 முறை சுடுகிறீர்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு ரப்பர் என்றால் 16 முறை இழுக்கிறீர்கள். ஆழத்தில் கடும் உழைப்பு உடலில் கரியமில வாயுவைச் சேர்க்கும். தலைவலி, பதற்றம், காற்றுச் செலவு எல்லாம் அதோடு வரும். மூன்றாவது ரப்பர் சேர்ப்பதால் கிடைக்கும் ஒன்றிரண்டு அடித் தூரத்தை விட, இரண்டே ரப்பரில் நிதானமாகச் சுடும் இரண்டு மீன் அதிகம் தரும்.

ரப்பரை எவ்வளவு நீளத்தில் வெட்டுவது?

ரப்பர் தன் நீளத்தைப் போல் மூன்றிலிருந்து மூன்றரை மடங்கு இழுபடும்படி வெட்ட வேண்டும். கணக்கு இப்படி:

துப்பாக்கியின் வாயில் ரப்பர் நுழையும் துளையிலிருந்து, ஈட்டிக் கம்பியில் ரப்பர் மாட்டும் பல் வரை அளக்கவும். 34 அங்குலம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் இருபுறமும் போவதால் இரண்டால் பெருக்கினால் 68. அதை 3.3ஆல் வகுத்தால் சுமார் 20½ அங்குலம். அதுதான் வெட்ட வேண்டிய நீளம். ரப்பரின் இரு முனையையும் இணைத்துக் கம்பியின் பல்லில் மாட்டும் விஷ்போன் நீளமாக இருந்தால், அந்த நீளத்தை 68இலிருந்து கழித்துவிட்டு வகுக்கவும்.

குட்டையாக வெட்டினால் வேகம் கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மூன்றரை மடங்குக்கு மேல் இழுத்தால் ரப்பர் சீக்கிரம் சோர்ந்துபோகும், ஏற்றுவது கடினமாகும், கம்பி புறப்படும்போது துடிக்கும். ரப்பரின் இரு பக்கமும் சமமாக இருக்கும்படி துளைக்குள் நடுப்படுத்திவிட்டு ஏற்றுங்கள். ஒரு பக்கம் நீளமானால் கம்பி ஓரமாக இழுபடும்.

கம்பியில் கூரான வெட்டுப் பல் இருந்தால் உலோக விஷ்போன் போடுங்கள். டைனீமா கயிற்று விஷ்போனை அந்தப் பல் சில நாட்களிலேயே அறுத்துவிடும். பற்றவைத்த வழுவழுப்பான பல் இருந்தால் டைனீமா நல்லது, விரலையும் கடிக்காது.

கம்பி 5/16 அங்குலமா, 3/8 அங்குலமா?

48 அங்குல நீளத்தில் 5/16 துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஏறத்தாழ 470 கிராம். அதே நீளத்தில் 3/8 கம்பி ஏறத்தாழ 680 கிராம். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் 1.6 மில்லிமீட்டர்தான், எடையோ 44 விழுக்காடு கூடுகிறது.

தடித்த கம்பி மெதுவாகப் புறப்படும், ஆனால் போய்ச் சேரும்போது தன் எடையால் ஊடுருவும். காக் களவா, பெரிய அம்பர்ஜாக் போன்ற கெட்டி எலும்பு மீனுக்கும், பாறையில் மோதினாலும் வளையாமல் இருப்பதற்கும் 3/8. ஹாக்ஃபிஷ், மாங்குரோவ் ஸ்னாப்பர், ஷீப்ஸ்ஹெட் என்று 2 முதல் 5 கிலோ மீன்களே இலக்கு என்றால் 5/16 போதும்.

பொந்துக்குள் மீன் கம்பியோடு திரும்பி உருளும்போதுதான் கம்பி வளைகிறது. அன்று மாலையே கண்ணாடி மேல் வைத்து உருட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் ஒளிக்கோடு மேலும் கீழும் ஆடினால் வளைந்திருக்கிறது. வளைந்த கம்பி எப்போதும் ஒரே பக்கமாக விலகிப் போகும். ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே என்று மாறி மாறிப் போனால் கம்பி மேல் பழி போடாதீர்கள். ரப்பரின் வலு கம்பியின் தடிமனுக்கு அதிகமாக இருக்கிறது.

முனை மாட்டும் திருகு மறையையும் வாங்கும்போதே பாருங்கள். அமெரிக்கக் கம்பிகளில் 5/16-24 மறை (5/16 அங்குலத் தடிமன், அங்குலத்துக்கு 24 சுற்று) பரவலாக உண்டு, ஐரோப்பியத்தில் 6 மில்லிமீட்டர். இரண்டு துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டிலும் ஒரே மறை இருக்கட்டும். படகில் முனை ஒன்று தொலைந்த நேரத்தில் இதன் அருமை தெரியும்.

முனை எது?

பாறைமுனை எனப்படும், கூரின் பின்னால் மடங்கி விரியும் முள் கொண்ட தடித்த முனை. பாறையில் பட்டால் கூர் மழுங்கும், அரத்தால் இரண்டு நிமிடம் தேய்த்தால் திரும்ப வந்துவிடும்.

தொழிலுக்கு முக்கியம், மீனை எவ்வளவு சீக்கிரம் கம்பியிலிருந்து கழற்ற முடிகிறது என்பது. நைட்ராக்ஸ் 32 (ஆக்சிஜன் 32 விழுக்காடு உள்ள காற்று) அடைத்து 30 மீட்டரில் இறங்கினால் ஏறத்தாழ அரை மணி நேரம்தான் உங்களுக்கு இருக்கிறது. ஒரு மீனைக் கழற்ற 2 நிமிடம் என்றால் எட்டு மீனில் பாதி நேரம் போய்விடும். அதனால் முள்ளை முன்புறம் மடக்கிப் பூட்டும் சுழல்முனை வாங்குங்கள். முனையின் தலையைத் திருகினால் முள் மடங்கி, கம்பி வந்த வழியே பின்னால் உருவிக்கொண்டு வரும்.

கம்பியிலேயே கூர் தீட்டிய ஒற்றை முள் கம்பி நீரில் சுத்தமாகப் போகும், ஆனால் பாறையில் மோதிக் கெட்டால் முழுக் கம்பியையும் மாற்ற வேண்டும். மீனுக்குள் போனதும் கம்பியிலிருந்து கழன்று தொங்கும் சரிவுமுனை மென்சதை கொண்ட பெரிய மீனுக்கு. பாறை மீனுக்கு அதைக் கட்டித் திரும்ப அமைக்கும் நேரமே வீண்.

நரம்பா, கேபிளா? ரீல் வேண்டுமா?

கம்பியைத் துப்பாக்கியோடு இணைக்க 400 பவுண்டு தங்கூசி நரம்பு, ஒரே சுற்று. ஒரு சுற்று என்பது வாயிலிருந்து நரம்பு மாட்டும் கொக்கி வரை போய்த் திரும்பும் நீளம். 3 மீட்டருக்குள் சுடுபவருக்கு அதற்கு மேல் நரம்பு சிக்கலைத்தான் தரும். துருப்பிடித்த கப்பல் தகட்டில் நரம்பு உரசி அறுகிறதென்றால் பூச்சுக் கேபிள் போடலாம். அதன் ஒரு இழை பிய்ந்ததுமே மாற்றிவிடுங்கள், அந்த இழை உள்ளங்கையைக் கிழிக்கும்.

ரீல் வேண்டாம். சிலிண்டர் வால்வு, ரெகுலேட்டர் குழாய்கள், அளவி என்று உடம்பைச் சுற்றி நரம்பு மாட்ட ஏற்கெனவே பத்து இடம் இருக்கிறது.

பெரிய அம்பர்ஜாக் இழுத்துக்கொண்டு போனால்?

துப்பாக்கியை விட்டுவிடுங்கள். இதில் பேரம் இல்லை. ஒரு நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக மேலே இழுபட்டால் என்ன ஆகும் என்பது பயிற்சி பெற்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலேறினால் நுரையீரலே கிழியலாம். துப்பாக்கியை மணிக்கட்டிலோ உடுப்பிலோ கொக்கி போட்டு மாட்டி வைக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். வெட்டும் கத்தரி ஒன்று, சிறு கத்தி ஒன்று, இரண்டையும் இரு கையாலும் எட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

இதைத் தவிர்க்க நல்ல வழி, கண்ணுக்குச் சற்றுப் பின்னால், மேல்வாட்டில் சுடுவது. அங்கே பட்ட மீன் அசையாது. சதையும் கெடாது: முதுகுச் சதையில் கம்பி நுழைந்த மீனுக்கு வியாபாரி விலையைக் குறைப்பார்.

விசையில் எதைப் பார்க்க வேண்டும்?

பூட்டின் உள்பாகம் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உடல் பரவாயில்லை, பிளாஸ்டிக் பூட்டு வேண்டாம். கடையில் கம்பியைப் பூட்டில் தள்ளி, கையால் பலமாக முன்னே இழுத்துப் பாருங்கள். சற்றும் வழுக்கக் கூடாது. விசையை அழுத்தினால் சொரசொரப்பு இல்லாமல் விட வேண்டும்.

பாதுகாப்புப் பூட்டை நம்ப வேண்டாம். அது விசையைத்தான் தடுக்கிறது, தேய்ந்த பூட்டைத் தடுக்காது. நீருக்கு வெளியே ஒருபோதும் ரப்பர் ஏற்றக் கூடாது. படகு ஏணியைத் தொடும் முன் ரப்பரை இறக்கிவிட வேண்டும்.

மீனின் அளவை நீரில் எப்படித் தெரிந்துகொள்வது?

இது துப்பாக்கிக் கேள்வி இல்லை என்று தோன்றும், ஆனால் பதில் துப்பாக்கியில்தான் இருக்கிறது. முகக்கண்ணாடி வழியே நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 18 அங்குலக் களவா 24 அங்குலம் போல நிற்கும். காக் களவாவுக்குக் குறைந்த அளவு 24 என்றால், அந்த மீன் உங்களுக்கு 32 போலத் தெரிய வேண்டும்.

துப்பாக்கியின் உடலில் முனையிலிருந்து 14 அங்குலத்திலும் 24 அங்குலத்திலும் வெள்ளை டேப் சுற்றிவிடுங்கள். 14 வளைகுடா ஹாக்ஃபிஷுக்கு. மீனுக்குப் பக்கத்தில், அதே தூரத்தில் துப்பாக்கியைப் பிடித்தால் இரண்டும் ஒரே மாதிரிப் பெரிதாகித் தெரியும், ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். சுட்ட மீனைத் திரும்ப விட முடியாது. அளவுகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு பருவத்துக்கும் முன் விதியைப் பார்த்து டேப்பை மாற்றுங்கள்.

லயன்ஃபிஷுக்கும் இதே துப்பாக்கியா?

வேண்டாம். 1985இல் புளோரிடாக் கரையில் முதலில் பதிவான இந்த மீன் நம் மன்னார் வளைகுடாப் பக்கத்துச் சொந்தக்காரன், புளோரிடாவில் வந்தேறி. விலகி ஓடாது, அருகிலேயே நிற்கும். 3 முதல் 4 அடிக் கைஈட்டியில் மூன்று அல்லது ஐந்து முனை மாட்டினால் போதும். துப்பாக்கியால் சுட்டால் ஒவ்வொரு மீனுக்கும் ரப்பர் ஏற்றி நேரம் போகும். பிடித்ததை முள் குத்தாத பிளாஸ்டிக் குழாய்ப் பெட்டிக்குள் தள்ளுங்கள், கையில் கோக்காதீர்கள். செத்த பிறகும் முள்ளில் நஞ்சு இருக்கும். குத்தினால் 40 முதல் 45 டிகிரி வெந்நீரில், தோல் வெந்துவிடாமல், அரை மணிக்கு மேல் வைக்க வேண்டும்.

வெடிமுனை மாட்டலாமா?

மீனில் மோதியதும் தோட்டா வெடிக்கும் முனை இது. புளோரிடா மாநில நீரில் மீன் பிடிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. கூட்டரசு நீரிலும் பகுதிக்குப் பகுதி கட்டுப்பாடு உண்டு. தோட்டாவில் நீர் புகுந்தால் வெடிக்காது, புகாமல் பார்த்துக்கொண்டால் படகில் வெடிக்கலாம். புதிதாகத் தொடங்குபவர் இதை விட்டுவிடட்டும்.

படகில் உதிரியாக என்ன இருக்க வேண்டும்?

அதே மாதிரியான இரண்டாவது துப்பாக்கி. வேறு மாதிரி வாங்கினால் கம்பி, ரப்பர், முனை எதையும் மாற்றிப் போட முடியாமல் போகலாம். அதோடு இரண்டு கம்பி, வெட்டி விஷ்போன் கட்டிய ரப்பர் நான்கு, முனை மூன்று, 5 மீட்டர் நரம்பு, அதை நெருக்கும் ஸ்லீவுகள், நெருக்கும் இடுக்கி, அரம். சிலிக்கான் கிரீஸ் ஒரு சிறு டப்பா.

தினமும் என்ன செய்வது?

நன்னீரில் முக்கி, பூட்டுக்குள் குழாய் நீரைப் பாய்ச்சி, விசையைப் பத்து முறை அழுத்துங்கள். கம்பியோ ரப்பரோ பூட்டில் இருக்கக் கூடாது. வெயிலில் காயவைக்காதீர்கள், ரப்பரைக் கொல்வது சூரியன்தான். ரப்பரை விரலால் மடக்கிப் பாருங்கள். மடிப்பில் மெல்லிய வெடிப்போ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பழைய துப்பாக்கி வாங்கலாமா?

மரத் துப்பாக்கி என்றால் தாராளமாக. கம்பியையும் ரப்பரையும் எப்படியும் புதிதாகப் போடப் போகிறீர்கள், அதனால் அவற்றைப் பார்த்து விலை பேச வேண்டாம். கம்பி ஓடும் பள்ளத்தின் மேல் ஒரு கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள், உடல் முறுகியிருந்தால் தெரியும். வாய்ப்பகுதியில் ரப்பர் துளையைச் சுற்றி வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். பூட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கம்பியின் வாலைப் பிடிக்கும் உதட்டின் விளிம்பு கூராக இருக்க வேண்டும், நகத்தால் வருடினால் உருண்டையாகத் தட்டுப்பட்டால் அது தேய்ந்த பூட்டு. உங்கள் மாதிரிக்குப் புதுப் பூட்டு கடையில் கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிட்டு, அதன் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.